பத்தொன்பதாம் அறையின் திருத்தம்

1

ஒரு சீட்டைப் பார்த்துப் பயந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; ஜோடனை வராது.

'அது ஒரு மழைக்காலக் காலை...' (வேண்டாம். மழையே பெய்யவில்லை.)

2

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் துணி துவைக்கிறேன். பக்கத்தில் இஸ்திரி போடுகிறவளுக்கு வெளிநாட்டில் ஒரு மகள். பார்த்து ஆறு வருடமாகிறது. இங்கிலீஷ் பரீட்சை தேறினால்தான் விசா.

அவளுக்கு உதைத்தது இறந்தகாலம். 'கோ' எதற்கு 'வென்ட்' ஆகிறதென்று கேட்கக் கூடாது. நெட்டுருப் போட வேண்டியதுதான். அறை எண் சீட்டுகளின் முதுகில் வார்த்தைகளை எழுதி, எதிரே ஒட்டிவைத்து, முணுமுணுத்தபடி தேய்ப்பாள். ஒருநாள் விடை எழுதாத சீட்டொன்றை மறதியாகப் பத்தொன்பதாம் அறை மூட்டையில் கட்டி மேலே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் அழுக்குத் துணியோடு அது திரும்பியது. விடைகள் எழுதியிருந்தன. எல்லாம் சரி. அன்றிலிருந்து தினம் ஒரு சீட்டு.

3

(அந்த நோயாளி தங்கமான மனிதர் என்று... இல்லை. எனக்கு யார்மேலும் அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வராது.)

மாடி ஆயாவைக் கேட்டேன்.

"பத்தொன்பதா? அவர் கண்ணத் தொறந்தே நாலு மாசமாச்சு. ஈ உக்காந்தா ஓட்ட முடியாது, எழுதுறாராம்! சோப்புத் தண்ணி தலைக்கேறிடுச்சா உங்களுக்கு?"

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சீட்டையும் அவள் புத்தகத்தையும் எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்த்தேன். 'வென்ட்' இருக்கவேண்டிய இடத்தில் 'கோ-எட்'. அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும்.

"ஏம்மா, அந்த ஆளு உன்னக் கவுக்கப் பாக்கறான்."

"புத்தகத்துலதான் அச்சுப்பிழை, பெரியப்பா. மூணு மாசமா ஒரு தப்பு வந்திருக்கா? நீங்க உங்க நிழலையே நம்ப மாட்டீங்க."

4

இன்று பரீட்சை. காலையில் போனவள், மணி நாலாகியும் வரவில்லை. மூட்டை மட்டும் வந்தது. சீட்டில் இந்தமுறை தமிழ்:

'எனக்கு வேறு யாரும் எழுதுவதில்லை.'

5

முடிவு ஒன்று: அவள் தேறினாள்.

இப்படி எழுதி வைத்துவிட்டு மெஷினை நிறுத்தப் போனேன். திரும்பி வந்தால், 'தேறினாள்' கோடு போட்டு அடித்திருந்தது. மேலே அதே கையெழுத்தில், 'தேறவில்லை.'

முடிவு இரண்டு: அவள்...

இல்லை. இனி நான் எழுதப்போவதில்லை. அவள் மகளிடம் போய்ச் சேர்ந்தாளா என்பதை நீங்களே மனசுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.