பம்புக்குப் புதுப் பெயின்ட்

அடிபம்பின் பிடியை நான் கழற்றியபோது உச்சி வெயில். தெருவில் ஆள் இல்லை. என் வீட்டுக்காரரின் லாரிக் கருவிப்பெட்டியிலிருந்து பெரிய ஸ்பானரை எடுத்துப் போயிருந்தேன். முதல் போல்ட் சுலபமாக வந்துவிட்டது. இரண்டாவது, பெயின்ட் வழிந்து உறைந்து இறுகிக் கிடந்தது. ஸ்பானரைக் காலால் ஓங்கி மிதித்தேன். நீலச் செதில்கள் பாதத்தில் ஒட்டின. பிடியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

பொதுக் கழிப்பறை வேண்டும் என்று பஞ்சாயத்து அலுவலகப் படியேறியவர்கள் பெண்களாகிய நாங்கள்தான். வந்தது. இடம் பார்க்க வந்த ஓவர்சியரிடம் ஊர்த் தலைவர், கக்கூஸ் ஓரிடம், தண்ணீர் ஓரிடம் என்றிருந்தால் வாளியை யார் சுமப்பது என்று கேட்டார். எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. அடிபம்புக்குப் பின்னாலேயே கட்டினார்கள். ஈர மண், தோண்டச் சுலபம் என்று கழிவுக் குழியையும் அங்கேயே வெட்டினார்கள். சுற்றி ஒரு செங்கல்லாவது வைத்துக் கட்டவில்லை. அடுத்த மழைக்கே தண்ணீர் வாடை அடித்தது. சோதிக்கவென்று பாட்டிலில் பிடித்துப் போன சுகாதாரத் துறைக்காரர்கள் திரும்பி வந்து, பம்பின் கழுத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்து, குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குழியை மாற்ற யாரும் வரவில்லை. நாங்கள் வாய்க்கால் மேட்டுப் பம்புக்கு நடந்தோம். இடுப்புக் கழன்றுவிடும் தூரம்.

பிறகு, கழிப்பறையைப் பார்வையிட மேலதிகாரி வருகிறார் என்றார்கள். சுவருக்கு நீலம், கதவுக்கு நீலம். மிச்சப் பெயின்ட் பம்புக்கு. பெயின்ட் அடித்தவரைப் பின்னால் ஒருநாள் மறித்துக் கேட்டேன். சிவப்பு அசிங்கமாக இருக்கிறது, அதையும் அடித்துவிடு என்றார்களாம், அடித்தாராம். "தண்ணியப் பத்தி என்கிட்ட யாரும் ஒரு வார்த்த சொல்லலியேம்மா" என்றார். அவர் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஊரில் யாரிடமும் யாரும் எதையும் சொல்லவில்லை. எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்கள்.

சிவப்பு என்றால் கெட்டது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள். சிவப்புப் போய்விட்டால் நல்லதாகிவிட்டது என்று நாங்களாகப் புரிந்துகொண்டோம். சோதிக்காமலா பெயின்ட் அடிப்பார்கள்? மறுநாள் காலையிலேயே பம்படியில் குடங்கள் வரிசை கட்டின.

அந்த வாரம்தான் என் வீட்டுக்காரர் நெடுந்தூர லோடு இறக்கிவிட்டு வந்தார். நான் தையல் கூடத்திலிருந்து திரும்பியபோது வீட்டில் ஒரு பாத்திரம் காலியில்லை. குடம், அண்டா, டீ போடும் கெட்டில்வரை தளும்பத் தளும்ப நிரப்பி வைத்துவிட்டு, ஈர லுங்கியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"புது மாப்ள கணக்கா நிக்கிறான் பாத்தியா உன் பம்பு? இனிமே வாய்க்கா மேட்டுக்கு நடந்தா கால ஒடிச்சிருவேன்."

விடிவதற்குள் அவருக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. கழிப்பறை வாசலில் பாதி ஊர் நின்றது. எனக்கும்தான், ஆனால் நான் எழுந்து நடந்தேன். அவரால் முடியவில்லை. சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். அவர் லாரியிலேயே, வேறொருவர் ஓட்ட, என் தோளில் சாய்ந்தபடி போனார். பாதி வழியில் அவர் தலை கனத்தது.

துக்க வீட்டுக்கு வந்த தலைவர், வாசலில் நின்றவர்களிடம் என் காதுபடச் சொன்னார்: "ஊரெல்லாம் சுத்துற ஆளு. எங்க என்னத்தத் தின்னாரோ."

கழிப்பறையைச் சுற்றிப் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். வெள்ளை கரைவதற்குள் குடங்கள் பம்படிக்குத் திரும்பி வந்துவிட்டன. அதனால்தான் ஸ்பானரை எடுத்தேன்.

நான் பிடியோடு வந்ததை யாரோ ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார்கள்; சாயங்காலம் என் வாசலில் கூட்டம். தலைவரும் வந்தார். அரசாங்கச் சொத்து, கேஸாகிவிடும் என்றார். தாராளமாகப் போடுங்கள், அதற்கு முன் அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் என் கண்முன் குடியுங்கள் என்றேன். இப்போதுதான் டீ குடித்தேன் என்று சிரித்தார். அவர் வீட்டில் கேன் தண்ணீர் இறங்குவது ஊருக்கே தெரியும். பின்னால் ஒரு பெண், வயிறு ரொம்ப நிறைஞ்சிருக்கும் போல என்றாள். அவர் போய்விட்டார்.

எதிர்வீட்டுக்காரி போகவில்லை. இடுப்பில் கைக்குழந்தை. அவர் போன பிறகு நான் விழுந்து கிடந்த நாளில் என் வாயில் கஞ்சி ஊற்றியவள் அவள்தான்.

"பிடியக் குடுக்கா."

"இந்தப் பிள்ளைக்கு அதையா குடுக்கப் போற?"

"காய்ச்சித்தான் குடுப்பேன்."

"பால் பாத்திரத்த எதுல கழுவுவ? பிள்ள வாயில வைக்கிற கைய எதுல கழுவுவ?"

அவள் குழந்தையை இடுப்பு மாற்றினாள். "நீ ஒத்த ஆளு, உனக்கு ஒரு குடம் போதும். நான் இதையும் தூக்கிக்கிட்டு எத்தன நடை நடப்பேன், சொல்லு."

ஒத்த ஆள். அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாததால் இன்னும் பலமாக அறைய வேண்டும்போல் இருந்தது.

"தர மாட்டேன்" என்றேன்.

கூட்டத்திலிருந்து அவள் புருஷன் விலகினான். வீட்டுக்குப் போய் ஒரு கடப்பாரையும் இரண்டு போல்ட்டும் கொண்டு வந்தான். பம்படிக்குப் போய், பிடி இருந்த இடத்தில் கடப்பாரையைச் சொருகி முடுக்கினான். நான் ஓடிப் போய்ப் பம்படியில் நின்றேன். யாரும் என்னைத் தள்ளவில்லை, சுற்றிக்கொண்டு நின்றார்கள். பம்பு இரண்டு முறை வறட்டு இருமல் இருமியது. பிறகு தண்ணீர் கொட்டியது. கண்ணாடி மாதிரி இருந்தது.

எதிர்வீட்டுக்காரியின் குடம்தான் முதலில். நிறைந்தது. அவள் குனிந்து விளிம்பைப் பிடித்தாள், தூக்கவில்லை. குழந்தை அவள் இடுப்பிலிருந்து கையை நீட்டித் தண்ணீரைப் பிடிக்கப் பார்த்தது. அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்து, தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். அவள் புருஷன் நிமிராமல் அடித்துக்கொண்டே இருந்தான். குடம் வழிந்து, எங்கள் எல்லாருடைய காலையும் நனைத்துக்கொண்டு, நீலச் சுவரைப் பார்த்து ஓடியது தண்ணீர்.