கூகைக்கு நட்ட கழி

ஆராயி ஏணியில் நின்று, எலி கடித்த திராட்சைக் கொத்துகளை வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். சாறு முழங்கைவரை வழிந்து பிசுபிசுத்தது. எலி ஒரு பழத்தையும் முழுசாகத் தின்பதில்லை. ஒரு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். மிச்சத்தில் குளவி மொய்க்கும்.

ரமணாசிரமத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீடு இராமலிங்கத்தினுடையது. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்னையிலிருந்து பௌர்ணமிதோறும் மனைவி ராஜம்மாளோடு கிரிவலம் சுற்ற வருவார். கொல்லையில் அவர் ஆசையாகப் போட்ட பந்தலை ஆராயியும் அவள் புருஷன் குமரேசனும் பார்த்துக்கொண்டார்கள். அதற்காக மோட்டார் கொட்டகையை ஒட்டி ஓர் அறை கொடுத்திருந்தார். மகள் தென்றல் அங்கிருந்துதான் பள்ளிக்கூடம் போய்வந்தாள்.

இராமலிங்கம் கூடையைக் காலால் நகர்த்திப் பார்த்தார். "இன்னும் ஒரு காய்ப்பு பாக்கறேன். அதுவும் எலிக்குத்தான்னா, பந்தலப் பிரிச்சுட்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டுடுவேன்."

"மருந்து வெச்சா கம்மியாயிடுங்கய்யா."

"உயிரக் கொல்ற மருந்தா? இந்த எடத்துலயா?" என்றாள் ராஜம்மாள். "அந்தப் பாவம் நமக்கு வேணாம்."

கீழ்பென்னாத்தூர் பக்கம் அறுப்புக்குப் போன குமரேசன், நெல் வயலில் எலி பிடிக்க வரும் கூகை உட்கார நட்டிருந்த குச்சிகளைப் பார்த்துவிட்டு வந்தான். சவுக்குக் கழி ஒன்றின் உச்சியில் குறுக்குக் கட்டை அடித்துப் பந்தல் மூலையில் நட்டான். மாம்பழப் பெட்டியைக் கூண்டாக்கி வேப்பமரத்தில் கட்டினான். கழியில் காக்கை உட்கார்ந்தது. பெட்டியில் மைனா புகுந்தது.

"காக்காவுக்கு பால்கனி கட்டிக் குடுத்துக்கிற," என்றாள் ஆராயி.

"இருமே, வரும்."

வரவில்லை. பக்கத்து லாட்ஜின் விளக்கு பந்தல் முழுவதும் வெளிச்சம் அடித்தது. ஆராயி வாட்ச்மேன் காசியிடம் போய் நின்றாள்.

"கூகைக்குக் கண்ணு கூசுதா? கலெக்டருக்கு மனு எழுதிப் போடு, தங்கச்சி," என்று சிரித்தான் காசி. ஆனாலும் ஸ்டூல் போட்டு ஏறி விளக்கை ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டான். "பழுத்தா எனக்கு ஒரு கொத்து. மறந்துடாத."

கவாத்து வெட்டிய கொடி துளிர்த்துப் பிஞ்சு விட்டபோது ஒரு காலையில் கழியின் அடியில் வெள்ளை எச்சம் கிடந்தது. அதன் பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் கறுப்பாக ஓர் உருண்டை. காலால் மிதித்துப் பார்த்தாள். எலி மயிரும் ஊசி ஊசியாக எலும்பும். கூகை தின்றுவிட்டுக் கக்கியது. அன்றிலிருந்து தினமும் கிடந்தது. ஆராயி விடியலில் எழுந்து, உருண்டைகளைப் பெருக்கி எருக்குழியில் கொட்டி, சாணம் தெளித்துக் கோலம் போட்டுவிடுவாள். கொத்துகள் கடிபடாமல் நிறம் மாறின.

சித்ரா பௌர்ணமிக்கு வந்தவர்கள் இரவு அங்கே தங்கினார்கள். காலையில் ராஜம்மாள் கொல்லை வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"தலமாட்டுல ராத்திரி முழுக்க அலறுது. இப்பதான் இவருக்கு நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில இருந்து வந்தோம். யாரக் கூட்டிட்டுப் போக வந்துக்குது அது?"

"அதுதாம்மா எலியப் பிடிக்குது. பழத்தப் பாருங்க, ஒரு கடி கூட இல்ல."

"எலி எங்கனா ஓடிருக்கும்," என்றார் இராமலிங்கம். "அது பிடிச்சதுன்னு எப்படிச் சொல்ற? எதனா கெடந்துதா?"

ஆராயி கழியின் அடியைப் பார்த்தாள். பெருக்கித் தெளித்த தரை. அதன் மேல் அவள் போட்ட கோலம்.

குமரேசன் எருக்குழிக்கு ஓடினான். இரு கையாலும் கிளறி, ஈர மண்ணோடு அள்ளிக்கொண்டு வந்து நீட்டினான். "பாருங்கய்யா, எல்லாம் எலி எலும்புதான்."

ராஜம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "எலும்பா? என் கொல்லையில எலும்பு சேத்து வெச்சுக்கிறீங்களா? மருந்தே வேணாம்னு சொன்னேனே!"

"பறிக்கற வரைக்கும் பொறுத்துக்குங்கம்மா, இன்னும் கொஞ்ச நாளுதான்..." என்றாள் ஆராயி.

"அம்மாதான் சொல்லிட்டாங்கல்ல," என்றார் இராமலிங்கம். "பெட்டிய எறக்கு. அந்தக் கழியில ஒரு பல்பு மாட்டு. ராத்திரி பூரா எரியட்டும்."

குமரேசன் மண்ணைக் கீழே போடாமல், திரும்ப எருக்குழிக்கே கொண்டுபோனான்.

பல்பு எரிகிறதா என்று சென்னையிலிருந்து லாட்ஜுக்குப் போன் போட்டு இராமலிங்கம் விசாரிப்பார். காசி எட்டிப் பார்த்து, "எரியுதுங்க," என்பான். போனை வைக்கும்போது, பந்தலடியில் நிற்கும் ஆராயியின் முகத்தைப் பார்க்க மாட்டான். வெளிச்சத்தில் எலிகள் கம்பி மேல் வரிசையாக ஓடின. காசிக்குக் கொடுக்க ஒரு நல்ல கொத்து தேறவில்லை.

வைகாசிப் பௌர்ணமிக்கு இராமலிங்கம் கொத்தனாரோடு வந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார்.

பந்தலைப் பிரித்துக் கம்பியைச் சுருட்டினார்கள். மூலையில் கழி மட்டும் நின்றது. கொத்தனார் ஒரு கண்ணை மூடி அதைப் பார்த்தார்.

"யாரு நட்டது? தூக்குக்குண்டு விட்டா மாதிரி நிக்குதே."

"எங்க வீட்டுக்காரருதான்," என்றாள் ஆராயி.

கொத்தனார் அதிலேயே நூலைக் கட்டி, மறுமுனையை அவள் கையில் கொடுத்தார். "உங்க ரூம் செவுத்தோட அழுத்திப் பிடிச்சுக்கம்மா. தொளதொளன்னு விடாத. புதுச் செவுரு இந்த நூல் மேலதான் வரும்."

அவள் பிடித்தாள். நூல் அறை வாசலுக்குக் குறுக்கே விறைப்பாக நின்றது. தண்ணீர்க் குடத்தோடு வந்த தென்றல் அதன் அடியில் குனிந்து உள்ளே நுழைந்தாள். குடம் சரிந்து நூல் நனைந்தது.

"ஆட்டாத, பாப்பா," என்றார் கொத்தனார்.