சொல்தா உரித்த தோல்கள்

முதலியார்பேட்டை ஜான்-பத்திஸ்த் தன் மனைவியை அடிக்கும் ஒவ்வொரு தடவையும், அன்று பொழுது சாய்வதற்குள் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தோலை உரித்துவிடுவார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர் என்பதால் தெருவில் அவரைச் சொல்தா என்றுதான் சொல்வார்கள். தோல் மீசையோடு முழுசாகக் கழன்று வரும். காய்ச்சிய பாலில் படியும் ஏடு மாதிரி மெல்லிசாக இருக்கும். மனைவி ஏலேன் அதை மடித்துக் குப்பை வண்டியில் போடுவாள். வண்டிக்கார ஆதிலட்சுமி முதல் தடவை மட்டும், "இது மக்குறதாக்கா, மக்காததா?" என்று கேட்டாள். மக்காதது என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

உரித்த பின் ஓரிரு நாள் அவர் உடம்பு வெண்ணெயாக இருக்கும். வெளிச்சம் ஆகாது, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். குடம் குடமாகப் போர் பம்புத் தண்ணீர் குடித்துக்கொண்டே "பார்தோன் ஏலேன், பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டு விம்முவார். அந்த ஓரிரு நாளை வைத்துத்தான் அக்கம்பக்கத்தார் அவருக்கு நல்ல மனுஷன் என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டம் கொடுத்தவர்களுக்கா எலும்பு முறிந்தது? பிறகு தோல் இறுகும். கதவில் கை முட்டியால் தட்டிப் பார்ப்பார். கொட்டாங்கச்சி மாதிரி சத்தம் வந்தால் எழுந்து ஷேவ் செய்துகொண்டு வெளியே போவார். புதுத் தோல் பழையதைவிட ஒரு சுற்றுப் பெரிதாகவே வரும், கையும் அதற்குத் தகுந்த கனம் கூடும். ஏலேனின் காறை எலும்பு, இரண்டு பற்கள், இடது காதின் கேள்வி எல்லாம் இப்படி வருடத்துக்கு ஒன்றாகப் போயின. அவள் தப்பிப் போகாததற்குக் காரணம் மகள் அலெக்சாந்த்ரா. மகள் மேல் மட்டும் அவர் கை வைத்ததில்லை. தான் இருக்கும்வரை அடி தன்னோடு நிற்கும் என்பது ஏலேனின் கணக்கு.

தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அலெக்சாந்த்ரா, ஆசைப்பட்டு ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி ஹாலில் வைத்தாள். செல்போனில் வீடியோ பார்த்துத்தான் எல்லாம். அடியில் கறுப்பு மண் பரப்பி, ஒரு கட்டையில் பாசியை நூலால் கட்டி இறக்கி, காற்று மோட்டார் போட்டு, தண்ணீர் பழகட்டும் என்று ஒரு மாதம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு விரல் நகம் அளவில் சிவப்பு இறால்களை வாங்கி விட்டாள். எல்லாம் சரியாகச் செய்தவள் தண்ணீரில் கோட்டை விட்டாள். அந்த வீட்டில் விருந்தாளி வந்தால் போர் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள், கேன் தண்ணீர்தான். இறாலும் வந்த விருந்தாளிதானே என்று தொட்டி முழுக்கக் கேன் தண்ணீரையே ஊற்றியிருந்தாள். இறால்கள் ஓட்டைப் பாதி கழற்றிய நிலையில் கழுத்தில் வெள்ளை வளையத்தோடு செத்து விழுந்தன. "கேன் தண்ணில சுண்ணாம்புச் சத்தே இல்லியாம் மா. சுண்ணாம்பு இல்லன்னா புது ஓடு இறுகாதாம். போர் தண்ணிய பாதி கலக்கணுமாம்" என்று மகள் சொன்னபோது ஏலேன் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதை நிறுத்திவிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். போர் தண்ணீர் கலந்ததும் அடுத்து வாங்கிய இறால்கள் பிழைத்தன, குட்டியும் போட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த சொல்தா, மோட்டார் சத்தத்தில் டிவி கேட்கவில்லை என்று ஆரம்பித்தார். ஏலேனை நோக்கி ஓங்கிய கையை அலெக்சாந்த்ரா குறுக்கே வந்து பிடித்தாள். அவர் அவளுடைய தலைமுடியைச் சுற்றிப் பிடித்து முகத்தைத் தொட்டியில் மோதினார். கண்ணாடி உடைந்து, ரத்தமும் தண்ணீரும் பாசியும் ஹால் முழுக்க ஓடின. துள்ளிய இறால்களை ஷூ காலால் ஒவ்வொன்றாக நசுக்கினார். மகளுக்குக் கன்னத்தில் காதிலிருந்து வாய் ஓரம் வரை தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவர் உரித்து முடித்துக் கட்டிலுக்கு அடியில் கிடந்தார். "தண்ணி குடு ஏலேன்" என்றார். ஏலேனுக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. போர் தண்ணீர்க் குடத்தைத் தாண்டிப் போய்க் கேனைச் சாய்த்து ஒரு சொம்பு பிடித்துக் கொடுத்தாள்.

அன்று முதல் அவருக்குக் குடிக்க, சமைக்க, உடம்பு துடைக்க எல்லாம் கேன் தண்ணீர். பால், முட்டை, கருவாடு நிறுத்தப்பட்டன. தோல் இறுகவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் பிரம்புப் பின்னல் முதுகில் பதிந்தது, எனவே கேன் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டியில் கிடத்தினார்கள். வருடத்துக்கு ஒரு முறை பென்ஷனுக்காக உயிரோடிருப்பதாகச் சான்று கொடுக்க வரும் டாக்டர் அவர் கையைப் பிடிக்காமல் எட்ட நின்று நாடியை ஊகித்துக் கையெழுத்துப் போட்டார். ஏலேன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தூங்கினாள். அப்படிச் சில வருடங்கள் போயின.

ஒரு நாள் அவர் கன்னத்தில் ஐந்து விரல் பதிந்திருப்பதை ஏலேன் பார்த்தாள். மறுநாள் இன்னொரு கன்னத்தில். பிறகு மார்பில், வயிற்றில், முஷ்டி அளவுக்குக் குழிகள். அவை நிரம்பவில்லை. அவரால் கத்த முடியாது, குரலும் குழைந்து போயிருந்தது. வாயை மட்டும் திறந்து மூடினார். அலெக்சாந்த்ரா வேலை விட்டு வந்ததும் சாப்பிடுவதற்கு முன் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டிருந்தது.

"ஏண்டி இப்டி பண்ற?"

"அவரு பண்ணதெல்லாம் மறந்துட்டியா? என் மூஞ்சியப் பாரும்மா."

"மறக்கல. நீ பண்ணாதடி."

"அவரு செத்துட மாட்டாரு, பயப்படாத" என்று மகள் உள்ளே போனாள்.

அடுத்த நாள் துணி துவைக்கும் கல்லில் வலது கை அளவுக்கு ஒரு மெல்லிய உறை கிடந்தது. விரல் ரேகை தெரிந்தது, மகள் நகத்தில் பூசும் சிவப்புப் பாலிஷும் இருந்தது. ஏலேன் அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், குளியலறைக் கதவை கை முட்டியால் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

கேன் போடும் கண்ணையன் வந்தபோது ஏலேன் வாசலில் நின்றிருந்தாள்.

"நாளையிலேர்ந்து இன்னொரு கேன் சேத்துப் போடுப்பா."

"சொல்தாவுக்கு ஒண்ணு பத்தலியாக்கா?"

"அவருக்கு இல்ல, பொண்ணுக்கு."

கண்ணையன் சரி என்று தலையாட்டினான். வண்டியில் மிச்சம் ஒரு கேன் இருந்ததால், நாளை வரை எதற்கு என்று அதையும் அப்போதே இறக்கி வைத்துவிட்டுப் போனான்.