மேடு பார்த்து நின்ற வண்டி

குகன் புது பிக்கப் வாங்கிய அன்று, நானும் சிரித்த முகத்தோடு போய் லட்டு வாங்கித் தின்றேன். வயிறு எரிந்தது லட்டினால் அல்ல. மூன்று வருடமாக அவன் தோட்டத்து முட்டைக்கோஸ் என் வண்டியில்தான் சந்தைக்குப் போனது. இனிமேல் அவனும் வண்டிக்காரன்.

கவுஞ்சியில் அவன் வீடு மேலே, அதே சரிவில் என் வீடு கீழே. மறுநாளே கொடைக்கானலுக்குப் போய், என் வண்டியின் முன்கண்ணாடிக்கு மேல் 'ராஜமுருகன்' என்று சிவப்பில் பெரிதாக ஒட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரில் எல்லோரும் வண்டியை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். பேட்டரி மக்கர் செய்தால் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். நான் மட்டும் அன்றிலிருந்து மேடு பார்த்து நிறுத்தினேன். குகன் கதவைத் திறந்தால் என் பெயரில்தான் முழிக்க வேண்டும்.

அந்த வாரமே வண்டிக்குக் கேடு வந்தது. விடியற்குளிரில் சாவியைத் திருப்பினால் இருமும், பிடிக்கிற மாதிரி பிடித்து விட்டுவிடும். ஐந்தாவது ஆறாவது திருப்பில் ஓட ஆரம்பித்தாலும் ஸ்டியரிங் முதல் சீட் வரை நடுங்கும். இரண்டு நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஓடும். அதற்குள் குகனின் வண்டி ஒரே திருப்பில் பிடித்து, என்னைத் தாண்டி இறங்கிப் போயிருக்கும்.

மூட்டை ஏற்றுகிற ஊர்ப் பொதுத்திடலான மந்தைக்கு எந்த வண்டி முதலில் வருகிறதோ அதற்குத்தான் முதல் லோடு. அது ஊர் வழக்கம். அடுத்த பன்னிரண்டு நாளும் குகன்தான் முதல். ஊரிலேயே அதிகம் பூண்டு போடுகிற கந்தம்மாள் அத்தை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ராசமுருகா, வெள்ளிக்கெழம பூண்டு அனுப்ப ஆரம்பிக்கேன். அன்னைக்கு எந்த வண்டி முந்தி வருதோ, இந்த வெள்ளாம முழுக்க அதுலதான் ஏத்துவேன். தெனமும் காத்துக் கெடக்க என்னால ஆகாதுப்பா."

புதன்கிழமை வத்தலக்குண்டில் சக்திவேலின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். ஹீட்டர் பிளக், பேட்டரி, இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் எல்லாவற்றையும் பார்த்தான். எதிலும் குறையில்லை. இரவு அங்கேயே நின்ற வண்டி காலையில் ஒரே திருப்பில் பிடித்தது. எனக்கு மானம் போனது.

"வீட்டுல நிக்கும்போது எவனோ கை வைக்கிறான்" என்றேன். எவன் என்று சொல்லவில்லை. குகன் பெயர் நாக்கு நுனியில் இருந்தது.

"வீட்டுல எப்படிண்ணே நிப்பாட்டுவீங்க?"

"சரிவுலதான்."

"மூஞ்சி எந்தப் பக்கம்?"

"மேட்டுப் பக்கம்" என்றேன்.

டீசல் ஃபில்டருக்கு வருகிற குழாயை அவன் விரலால் தடவிக் காட்டினான். விரலில் ஈரம்.

"இந்த ஓஸ் லேசா வெடிச்சிருக்குண்ணே. டேங்கு பின்னாடி இருக்கு. மூஞ்சி மேட்டுல இருந்தா ராத்திரி பூரா டீசல் பின்னாடி எறங்கிரும், இதுக்குள்ள காத்து பூந்துரும். அந்தக் காத்து போற வரைக்கும்தான் இருமலும் நடுக்கமும். இங்க சமமா நின்னுச்சு, அதான் ஒண்ணுமில்ல. ஆமா, உங்க ஊர்ல யாரும் அப்படி நிப்பாட்ட மாட்டாங்களே?"

"திருப்ப எடமில்ல" என்று பொய் சொன்னேன்.

அந்த அளவு ஓஸ் சனிக்கிழமைதான் வருமாம். அதுவரை இறக்கம் பார்த்து நிறுத்தச் சொன்னான்.

வியாழன் மாலை வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். சேறு அப்பிய பின்கதவு குகன் வீட்டைப் பார்த்தது. அவன் வாசலில் டீ குடித்துக்கொண்டே பார்த்தான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஒரே திருப்பு. இருமல் இல்லை, நடுக்கம் இல்லை. மந்தையில் என் வண்டி மட்டும்தான். கந்தம்மாள் அத்தை மூட்டைகளைக் காட்டி "ஏத்துப்பா" என்றார்.

கடைசி மூட்டை ஏறும்போது குகன் வந்து சேர்ந்தான். அவன் முகம் தொங்குவதைப் பார்க்க ஆசையாக நின்றேன். அவன் சிரித்தான்.

"என்னண்ணே, இன்னைக்கு உங்க வண்டி இருமவே இல்ல? தெனமும் அந்தச் சத்தத்துலதான் நான் முழிப்பேன். இன்னைக்கு அசந்துட்டேன்."

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு நாளும் அவனை எழுப்பிவிட்டது நான்தான்.

"அதுவும் நல்லதாப் போச்சுண்ணே. பூண்டு உங்களுக்குன்னு ஆயிருச்சு. இனி நான் வெயில் வந்தப்புறம் கேரட் லோடுக்கு மெதுவா வந்தாப் போதும். என்னா தூக்கம்ங்கிறீங்க" என்று கொட்டாவி விட்டான்.

மலைப்பாதையில் இறங்கும்போது பின்னால் பூண்டு மணத்தது. வெள்ளாமை முழுக்க எனக்குத்தான். அப்படியென்றால் தினமும் அந்தக் குளிரில் நான் எழுந்திருக்க வேண்டும், அவன் போர்வைக்குள் கிடப்பான். வயிறு மறுபடியும் எரிய ஆரம்பித்தது. நாளைக்குக் கிளம்பும்போது அவன் வாசலைப் பார்த்து நீளமாக ஒரு ஹாரன் அடித்தால் என்ன என்று யோசித்துக்கொண்டே மலையடிவாரம் வந்து சேர்ந்தேன்.