எப்சிபாவின் சாட்சி

எக்ஸ்ரே படத்தை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த தங்கபுஷ்பம், மருமகளின் முதுகெலும்பை மேலிருந்து கீழாக ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

"எல்லா எலும்பும் ஒழுங்காத்தான் இருக்கு. பெறவு எங்கட்டி வலிக்கி?"

எங்கே என்று எப்சிபா சொல்வாள்? கழுத்தில் தொடங்கிக் குதிகால் வரை மூன்று வருஷமாக வலி. படம் அந்தத் தாராவிச் சந்தில் நாலு வீடு போய்த் திரும்பியது. நாலு வீட்டாருக்கும் நோய் தென்படவில்லை. இத்தனை நேரமும் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள் என்று கடைசி வீட்டுக்காரிதான் கண்டுபிடித்தாள். நேராகப் பிடித்தும் தீர்ப்பு மாறவில்லை. எப்சிபா வேலைக்கள்ளி.

ரத்தம் வந்தால் நம்பலாம், கட்டுப் போட்டால் நம்பலாம். ஒன்றுமே இல்லாமல் ஒரு மருமகளுக்கு வலிக்கிறது என்றால் அதற்குப் பெயர் கொழுப்பு. அந்தச் சந்தின் வைத்திய சாஸ்திரம் அவ்வளவுதான்.

முனிசிபல் ஆஸ்பத்திரியின் லேடி டாக்டர் மட்டும் வேறு மாதிரிப் பேசினாள். படத்தில் விழாத வலியும் உண்டு, அது பொய்யில்லை, முழுசாகப் போகாது, ஆனால் அதோடு இருக்கப் பழகலாம் என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னாள். வலி ஏறிய பிறகு உட்காராதே, ஏறுவதற்கு முன்னால் உட்கார். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் மூன்று நாள் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு. ஐயோ இனி என் கதி என்னவென்று மனசு ஓட ஆரம்பித்தால், அடுத்த வேலை என்ன என்று மட்டும் அதைக் கேள்.

எப்சிபா அப்படியே செய்தாள். பலனும் இருந்தது, அதுதான் வினையாகப் போயிற்று. பாதி அரிசி புடைத்துவிட்டுத் தெளிந்த முகத்தோடு சுவரில் சாய்ந்து மூச்சு எண்ணும் மருமகளைப் பார்க்கப் பார்க்க மாமியாருக்கு வயிறு எரிந்தது. முனகினால் நடிப்பு. சிரித்தால், பார், நேற்று நடித்தது தெரிகிறது. பாவம், எந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் அவள் பிழைப்பாள்?

தங்கபுஷ்பம் ஒரு முடிவுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் உபதேசியார் எப்சிபாவின் தலையில் கை வைத்து ஜெபிப்பார். அவள் எழுந்து, சுகமாகிவிட்டது என்று சாட்சி சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து பழையபடி பன்னிரண்டு குடம் தண்ணீரையும் தூக்கவேண்டும். சொல்லாவிட்டால் விசுவாசம் இல்லாதவள். சுகமாகும்வரை சொந்த ஊரான நாசரேத்தில் அண்ணன் வீட்டில் போய்க் கிடக்கலாம். மகள் ஜாய்ஸுக்கு ஏழு வயது. அவள் இங்கேதான் இருப்பாள்.

புருஷன் ஞானசீலன் நல்லவன். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டான், தாயாரை அறவே மாட்டான். ரயில் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து பைபிளுக்குள் வைத்தான்.

வெள்ளிக்கிழமை அந்த ஒற்றை அறையில் முப்பது பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். உபதேசியார் அரைமணி நேரம் ஜெபித்தார். அவர் கை நல்ல கனம், அதில் கழுத்துவலி இன்னும் கூடிற்று. எப்சிபா எழுந்தாள். மூலையில் ஜாய்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆறு எண்ணி மூச்சை விட்டாள்.

"எனக்கு நோவு போகல. நோவு இருக்கு, நானும் இருக்கேன். நாலு கொடம் எடுத்தா சாயங்காலம் வரைக்கும் நடமாடுவேன். பன்னெண்டு எடுத்தா மூணு நாளு படுத்துருவேன். மிச்சத்த இன்னொருத்தருதான் எடுக்கணும். ஊருக்குப் போனாலும் நோவு எங்கூடத்தான் வரும், அதனால போகமாட்டேன். எம் பிள்ளைய விட்டுட்டு இருக்கமாட்டேன். இதுதான் என் சாட்சி."

சாட்சி முடிந்ததும் கூட்டம் நடக்கும் வீட்டின் பெரியவர்தான் முதலில் ஸ்தோத்திரம் சொல்லி அதை ஒத்துக்கொள்வது வழக்கம். தங்கபுஷ்பம் அப்போது, வந்திருக்கும் முப்பது பேருக்கு டீ கிளாஸ் போதுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'சாட்சி' என்ற கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் தொண்டை நிறைய "ஸ்தோத்திரம்" என்றாள். முப்பது பேரும் திருப்பிச் சொன்னார்கள்.

என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்தபோது உபதேசியார் பைபிளை மூடிக்கொண்டிருந்தார். கர்த்தருக்கு முன்பாக வீட்டார் ஒத்துக்கொண்ட சாட்சியை மாற்றமுடியாது என்று சொல்லிவிட்டார். டிக்கெட்டை ஞானசீலன் கான்சல் செய்தான்.

சனிக்கிழமை காலையில் எப்சிபா நாலு குடம் எடுத்து வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். பிடிவாதமாக மீதியைத் தூக்கப் போன தங்கபுஷ்பம், மூன்றாவது குடத்தோடு முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து விழாத குறையாக உட்கார்ந்தாள். தோளில் துண்டோடு ஞானசீலன் வெளியே வந்தான்.

"குளிக்கத் தண்ணி எங்க?"

எப்சிபா மூச்சை விட்டு முடித்தாள். "கொழாய்ல இருக்கு."

அவன் வழக்கம்போலத் தாயாரைப் பார்த்தான்.

"என் மூஞ்சில என்னல பாக்க?" என்றாள் தங்கபுஷ்பம். "கொடத்த எடுத்துட்டுப் போ. ஏழு மணிக்கு நின்னுரும்."

அந்தச் சந்தில் ஓர் ஆம்பிளை குடத்தோடு லைனில் நின்றது அன்றைக்குத்தான். லைனில் அவனுக்கு முன்னால் நின்ற அடுத்த சந்துக்காரி லூசியம்மாள் திரும்பி அவனைக் கண்டதும் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். தன் குடத்தை நகர்த்தித் தனக்கு முன்னால் அவனுக்கு இடம் விட்டாள்.

"நீங்க முதல்ல பிடிச்சுட்டுப் போங்கண்ணே," என்றாள் துக்கம் கேட்கிற குரலில். "எப்சிபா எத்தனை மணிக்குத் தவறுனா?"