ஒரு பில்லும் சாகவில்லை

விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்தில் இருக்கிறது மாசிலாமணியின் சாப்பாட்டுக் கடை. அங்கே ஓடும் பில் புரோகிராம் நான் எழுதியது. ஒரு வாரமாக மதியம் ஒரு மணியானால் படுத்துவிடுகிறது. இன்றும் படுத்தால் எனக்கு வேலை இல்லை என்று திண்டிவனத்து ஆபீசில் வெங்கடாசலம் சார் சொல்லித்தான் அனுப்பினார். அதோடு விட்டாரா, பத்து நிமிடத்துக்கு ஒரு போன்.

கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு பில்லும் ஓர் ஆப்ஜெக்ட், மெமரியில் இடம் பிடிக்கும் ஒரு பொருள். புரோகிராமில் எதுவும் அதைப் பிடித்துக்கொண்டிராவிட்டால் கம்ப்யூட்டரே பெருக்கித் தள்ளிவிடும்; பில் செத்தது என்போம். இங்கே ஒன்றுகூடப் போகாமல் மெமரி நிரம்பி வழிந்தது.

"இன்னாம்மா ஜெசிந்தா, எத்தினி செத்துச்சு?" மாசிலாமணி பந்தியைத் தாண்டிக் கத்தினார்.

"ஒண்ணுகூட சாகலண்ணா. காலையிலேர்ந்து முந்நூறு, அத்தினியும் உசுரோட இருக்குது."

சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்த லாரி டிரைவர் கையை நிறுத்தினார்.

வாசலில் இடத்துக்காகக் கூட்டம். மாசிலாமணி ரச வாளியோடு அந்த டிரைவரின் தலைக்குமேல் போய் நின்றார். எப்போது எழுந்திருப்பார் என்று பார்க்கிறாராம். சும்மா பார்க்க முடியுமா? "இன்னும் கொஞ்சம் ரசம்?" என்றார். இலையை மூடப்போனவர் மரியாதைக்காக மறுபடியும் கையை நீட்டினார்.

"எழுந்திரிக்கவே மாட்றாங்கம்மா, பேஜாரு."

"நீங்க நின்னுக்கினே இருந்தா எப்படிண்ணா எழுந்திரிப்பாரு?"

சொன்னதும் நான் செய்துவைத்த வேலை ஞாபகம் வந்தது. போன வாரம், பழைய பில்கள் போகின்றனவா என்று பார்க்க, புரோகிராமுக்குள் நான் ஒரு லிஸ்ட் வைத்தேன். ஒவ்வொரு பில்லையும் அதில் பிடித்து வைத்துக்கொண்டு, எப்போது சாகும் என்று காத்திருந்தேன். பிடித்திருந்தது நான்தான். ஒரு வாரமாகக் கரண்டைத் திட்டினேன், கம்ப்யூட்டரைத் திட்டினேன். என் மேல் எனக்கே காறித் துப்பலாம் போலிருந்தது.

பிடிக்காமல் அடையாளம் மட்டும் வைத்துக்கொள்ள வழி உண்டு. வீக் ரெஃபரன்ஸ் என்பார்கள். நாலு வரி மாற்றி மறுபடி ஓடவிட்டேன். புதிதாக நாற்பது பில் விழும்வரை நகத்தைக் கடித்தேன். பிறகு திரையில் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது.

"செத்துடுச்சுண்ணா! நாப்பதும் செத்துடுச்சு!"

மாசிலாமணி வாளியை வைத்துவிட்டுக் கும்பிட்டார். டிரைவர் அவசரமாக இலையை மூடி எழுந்து போனார்.

மணி ஒன்று பத்து. புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. போன் அடித்தது.

"இன்னா ஜெசிந்தா, முடிஞ்சுதா இல்லியா?"

"நீங்க போன வச்சா முடிஞ்சிடும் சார்."

அவர் வைக்கவில்லை. நான் வைத்தேன்.