அறுவடைத் திருநாளுக்கு ஒரு டப்பா

கேய்னருக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு டப்பா. உள்ளே பீன்ஸ் இருந்தாலும் சரி, பட்டாணி இருந்தாலும் சரி. வெள்ளிக்கிழமை காலை அவள் மகள் மேசி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போக வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் டப்பாவோடு போகும்போது இவள் மட்டும் வெறுங்கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. ஆனால் வீட்டு அலமாரியைத் திறந்தால் உப்பு இருந்தது, பாதி ரொட்டி இருந்தது, போன கிறிஸ்துமஸுக்கு யாரோ கொடுத்த கடுகு விழுது இருந்தது. கடுகு விழுதை யாருக்குத் தானம் செய்வது?

இங்கிலாந்தில், லங்காஷயரில் அந்த ஊரில் அறுவடை செய்ய ஒரு முழம் வயல் கிடையாது. இருந்த மில்களும் மூடி, ஒன்று சோபாக் கடையாகவும் இன்னொன்று புறாக்கூண்டாகவும் ஆகிவிட்டன. அதனாலென்ன, இலை உதிரத் தொடங்கினால் பள்ளியில் அறுவடைத் திருநாள் நடந்தே தீரும். பிள்ளைகள் ஆளுக்கொரு டப்பா கொண்டுவருவார்கள். பெண் பாதிரியார் ஒருவர் ஜெபம் சொல்லுவார். பிறகு எல்லாம் ஏழைகளுக்குப் போகும். அந்த ஏழைகள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருப்பவர்கள் என்று ஊருக்கே ஒரு நினைப்பு.

கேய்னர் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். கிழவர்களைக் குளிப்பாட்டுவதும் அவர்களுக்கு ஊட்டுவதும் அவள் வேலை. சம்பளம் வரும், வீட்டு வாடகையும் கேஸ் பில்லும் வாசலிலேயே நின்று அதைப் பிடுங்கிக்கொள்ளும். மேசி சின்ன வகுப்பில் இருந்தவரை பள்ளியிலேயே இலவசமாக மதியச் சாப்பாடு கிடைத்தது. எட்டு வயதானால் பிள்ளைகளுக்குப் பசிப்பது நின்றுவிடும் என்று யாரோ அரசாங்கத்துக்குச் சொல்லிவிட்டார்கள் போல. இப்போது இலவசம் வேண்டுமானால் அம்மா இன்னும் கொஞ்சம் ஏழையாக வேண்டும். கேய்னர் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறாள், ஆனால் அவர்கள் கணக்கில் இன்னும் தேறவில்லை.

புதன்கிழமை வேலை முடிந்ததும் தேவாலயத்துக் கூடத்திலிருக்கும் உணவு வங்கிக்குப் போனாள். டாக்டரோ பள்ளியோ சீட்டு எழுதிக் கொடுத்தால், இல்லாதவர்களுக்கு அங்கே ஒரு பை நிறைய உணவுப் பொருள் இலவசமாகக் கிடைக்கும். அங்கே பெர்னிஸ்தான் எல்லாம். பள்ளி ஆபீஸில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தவள். சிரிக்காமல் கிண்டல் செய்வாள், அதுதான் அவளிடம் ஆபத்து.

"டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வந்தியா, கண்ணு?"

"இல்ல பெர்னிஸ். பை வேண்டாம். ஒரு டப்பா குடுத்தா போதும்."

"ஒத்த டப்பாவ வச்சுகிட்டு என்ன பண்ணுவ? ஜன்னல்ல வச்சு அழகு பாப்பியா?"

கேய்னர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மேசி ஸ்கூலுக்குக் கொண்டுபோகணும். அறுவடைத் திருநாளுக்கு."

"ஓ. ஏழைங்களுக்குக் குடுக்க."

"ஆமா."

"அதெல்லாம் வெள்ளிக்கிழமயே வேன்ல ஏத்தி எங்க கொண்டாருவாங்க, தெரியுமா?"

"இங்கதான்."

"அப்ப என்கிட்ட வாங்கி எனக்கே தானம் பண்ணப் போற. எதுக்கு அலைச்சல்? இங்கயே வச்சுட்டுப் போ. ரொம்ப நன்றிம்மா, உன் மனசு யாருக்கு வரும்னு நான் இப்பவே சொல்லிடறேன்."

"வெளையாடாதீங்க பெர்னிஸ். எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் அவ மட்டும்…"

பெர்னிஸ் அவள் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பின்னாலிருந்த அலமாரியைக் காட்டினாள். அது துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"பாத்தியா? திங்கக்கிழம இது நெறைய இருந்துச்சு. அப்பருந்து ஒவ்வொருத்தரா வந்து, நீ சொன்ன அதே ரகசியத்த என் காதுல ஊதிட்டு ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போயாச்சு. வருஷா வருஷம் இந்த வாரம் இதே கூத்துதான். வெள்ளிக்கிழம எல்லாம் ஆசீர்வாதம் வாங்கிகிட்டு வீடு திரும்பும்."

"யாரெல்லாம் வந்தாங்க?"

"சொல்றேன். அப்புறம் நீ வந்ததயும் அவங்ககிட்ட சொல்லிடுவேன். சம்மதமா?"

"ஐயய்யோ, வேண்டாம்!"

"அவங்களும் இப்படியேதான் அலறினாங்க." பெர்னிஸ் மேசைக்கு அடியில் குனிந்து, கடைசியாக ஒன்றைத் தேடி எடுத்தாள். சர்க்கரைப் பாகில் ஊறிய பிளம் பழம். "இத யாரும் திங்க மாட்டாங்க. ஆனா தானம் பண்ண ரொம்பப் பொருத்தமா இருக்கும், எடுத்துக்கோ."

வெள்ளிக்கிழமை காலை, பள்ளி வாசலில் மேசியின் கோட்டைச் சரிசெய்தபடி கேய்னர் கேட்டாள்: "டப்பா எங்க வாங்கினதுன்னு யாராவது கேட்டா?"

"கடையில."

"உணவு வங்கிக்கு நாம போறது?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது." மேசி அலுத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்மா."

கேய்னருக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பெற்ற பிள்ளைக்குப் பொய்யை மனப்பாடம் செய்விப்பது யாருக்குத்தான் பெருமை? ஆனாலும் டப்பா கையில் இருந்ததே, அந்த நிம்மதி பெரிதாக இருந்தது.

பள்ளியின் பெரிய கூடத்தில் பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, பெற்றோர் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மேடை மேசையில் டப்பாக்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். இந்த வருஷம் விசேஷ விருந்தாளியாகத் தொகுதி எம்.பி. ரூபர்ட் ஆஷ்கம் வந்திருந்தார், கூடவே ஒரு போட்டோக்காரரும். நல்ல மனிதர், யாரைக் கண்டாலும் கை குலுக்குவார். லீவு நாட்களில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா என்று நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு வந்தபோது மட்டும், வேண்டும் என்பவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் அங்கே தனித்தனியாக இருக்கும் கதவுகளில், வேண்டாம் கதவு வழியாக நடந்து போய்விட்டார். அவருக்கு அது பக்கத்துக் கதவாக இருந்திருக்கும்.

"இந்த மலையப் பாருங்க!" என்றார் அவர், கோபுரத்தைக் காட்டி. "எதுக்கெடுத்தாலும் அரசாங்கம் செய்யணும், அரசாங்கம் செய்யணும்னு சொல்றவங்க இதை வந்து பாக்கணும். அரசாங்கத்துக்கு மனசு கிடையாது. உங்களுக்கு இருக்கு!"

கைதட்டினார்கள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே.

பிறகு பிள்ளைகள் பக்கம் குனிந்தார். "இதெல்லாம் யாருக்குப் போகப்போகுது, சொல்லுங்க பாப்போம்?"

"ஏழைங்களுக்கு!"

"சபாஷ்! அப்படிப்பட்ட ஒரு குடும்பத்த உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

மேசி எந்தக் கேள்விக்கும் முதல் ஆளாகக் கை தூக்குகிற பிள்ளை. தெரியாத கேள்விக்கே தூக்குவாள். இப்போதும் கை பாதி உயரம் போயிற்று. அங்கேயே நின்றது. மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கையை இறக்கித் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

கேய்னர் அதைப் பார்த்தாள். தெரிந்த விடையை வாய்க்குள் போட்டு முழுங்க என் பிள்ளைக்கு நானே சொல்லிக்கொடுத்தேனே! அவள் கை தானாக மேலே போனது.

"எனக்குத் தெரியும் சார்."

"ரொம்ப சந்தோஷம்! அவங்களுக்கு உதவி பண்றீங்களா?"

"எங்க வீடுதான் சார் அது. அதோ, அந்த பிளம் டப்பா நாங்க குடுத்தது. புதன்கிழம உணவு வங்கியில போய் வாங்கிட்டு வந்தேன்."

கேய்னர் காதெல்லாம் சூடாகி உட்கார்ந்திருந்தாள். முன் வரிசையில் நல்ல சிவப்புக் கோட்டு போட்ட ஒருத்தி இருந்தாள். தினமும் பள்ளி வாசலில் அவளைக் கண்டாலே கேய்னர் தன் கோட்டுக் கையின் கிழிசலை மறைத்துக்கொள்வாள். அந்தச் சிவப்புக் கோட்டுக்காரி தொண்டையைக் கனைத்தாள்.

"அந்தச் சோளம் எங்களோடது. அதுவும் அங்க வாங்கினதுதான்."

"பீன்ஸ் எங்களுது," என்றது பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்.

"கேரட்டு!"

"பட்டாணி ரெண்டும் எங்க வீட்டுது. இரட்டைப் பிள்ளைங்க, நான் என்ன பண்றது?"

ஏலம் போடுகிற மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் வகுப்பு உதவி ஆசிரியைகூட, சுவரோரம் நின்றபடி, "தக்காளி சூப்பு என்னோடது," என்று முணுமுணுத்தாள். டப்பாக்களை ஏற்றிப்போக வந்து பக்கவாட்டுக் கதவருகே நின்ற பெர்னிஸ் அடக்க மாட்டாமல் சிரித்தாள்.

"அப்ப வேன் எதுக்கு, டீசல் தண்டம்!" என்றாள். "அவங்கவங்க எடுத்துட்டுப் போங்க. ராத்திரிக்கு அடுப்பு மூட்டணுமில்ல?"

முதலில் சிவப்புக் கோட்டுக்காரி எழுந்து போய்த் தன் சோள டப்பாவை எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு நாற்காலிகள் இழுபடும் சத்தம்தான். கோபுரம் கரைந்தது. எம்.பி. போட்டோக்காரரைப் பார்த்தார், போட்டோக்காரர் காலி மேசையைப் பார்த்தார்.

"எதை எடுக்கட்டும் சார்?"

எம்.பி. கேய்னர் பக்கம் வந்தார். பாவம், உண்மையிலேயே முகம் வாடித்தான் இருந்தது. "நீங்க சொன்னது மனசைத் தொட்டுதும்மா. நான் ஏதாவது செய்யணுமா?"

"எல்லாப் பிள்ளைக்கும் மத்தியானச் சாப்பாடு போடுங்க சார். லீவுலயும். போட்டுட்டா, இந்த மலையப் பாக்க நீங்க இவ்வளவு தூரம் வரவே வேண்டாம்."

"அது அவ்வளவு சுலபம் இல்லம்மா."

"ஒரு டப்பா வாங்கறது எனக்கும் சுலபமா இல்ல சார்."

அந்த நேரம் பார்த்து மேசி பிளம்மை அங்கேயே விட்டுவிட்டு ஒரு பீச் பழ டப்பாவோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா! எனக்குப் பசிக்குது, இத இங்கயே தொறக்கலாமா?"

கூடம் முழுக்கக் கேட்டது. "தொற" என்றாள் கேய்னர்.

"காலையில சாப்பிடலையா, பாப்பா?" என்று எம்.பி. குனிந்து கேட்டார்.

"பாதி ரொட்டிதான் சாப்பிட்டேன்." மேசி டப்பா மூடியின் வளையத்தில் விரலை மாட்டி இழுத்தாள். "வேலைக்குப் போய் சாப்பிட்டுக்கறேன்னு அம்மா சொல்லும். ஆனா அங்க ஒண்ணும் சாப்பிடாது, எனக்குத் தெரியும். அதான் அம்மாவுக்குப் பாதி வச்சுட்டு வந்தேன்."

இதை மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒளித்துவிட்டதாக கேய்னர் நினைத்திருந்தாள். ரொட்டி மீந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், பிள்ளைக்குப் பசியில்லை போல என்று நினைத்துக்கொண்டவள் அவள்.

மேசி பாகு சொட்டச் சொட்ட முதல் துண்டை விரலால் எடுத்து அம்மா வாயருகே நீட்டினாள். எம்.பி. பார்த்துக்கொண்டிருந்தார், சிவப்புக் கோட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. கேய்னர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.